இருபது என்று நான் எழுதிய ராடு

மாப்ள,

போன வியாழக்கிழமை காலை பட்டறை ஷட்டரைத் தூக்கியதும் ஒரு நாற்றம் முகத்தில் வந்து அடித்தது. லேத்தில் ஊற்றும் எண்ணெயின் நாற்றம் எனக்குப் பழகிப்போன ஒன்று. சோறு தின்னும்போதுகூட அது என் விரலில் இருக்கும். இது வேறு. ஊறிப்போன வியர்வையும் துருவும் வெந்த ரப்பரும் கலந்த வாடை. முந்தின நாள் நான் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ ஒரு ராடைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நடுவில் லேசாக வளைந்திருந்தது. கை பிடிக்கும் இரண்டு இடத்திலும் கறுப்பு ரப்பர் சுற்றியிருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு முனையில் வெள்ளை பெயிண்டில் 20 என்ற எண், மங்கிப்போய். என் கையெழுத்து.

வெளியே போய்க் காளவாசல் முக்கில் ஒரு டீ வாங்கினேன். பாதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தேன்.

பத்து மணிக்கு உன் ஜிம் மாஸ்டர் போன் செய்தார். "தம்பி, ராடு பாத்தீங்களா? பெண்டு எடுத்துக் குடுங்க. ஞாயித்துக்கிழமை நம்ம பயலுக்கு வருச நினைவுக்கு பெஞ்ச் பிரஸ் போட்டி வச்சிருக்கோம். அவன் தூக்குன ராடுலயே நடத்துனா ஒரு கெத்தா இருக்கும்ல?" என்றார். "அந்த இருபது வேற அழிஞ்சாப்ல இருக்கு. அதையும் பளிச்சுனு எழுதி விட்ருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கெத்தாம். செத்து ஒரு வருடம் ஆனவனுக்குக் கெத்து. விளாங்குடியில் ஜிம் வாசலில் உனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தேன். உன் முகம் உப்பிப் போயிருந்த காலத்துப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். தோளும் கழுத்தும் ஒன்றாகிப் போய், கண் இடுங்கி, அது நீயே இல்லை. கீழே தங்க நிற எழுத்தில் 'நூறு கிலோ நாயகன்'. உன் பெயரைவிட மாஸ்டரின் பெயர்தான் பெரிதாக இருந்தது. அதற்கு மாலை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. அந்த நூறை உனக்குக் கொடுத்தவன் நான்தானே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாததை இப்போது எழுதுவதில் ஒரு பெருமையும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த ராடு ஜிம்முக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். தகரக் கொட்டகை போட்ட ஜிம்மில் மல்லாந்து படுத்து எடை தூக்க ஒரே ஒரு பெஞ்ச் இருந்தது, அதன் ராடு உடைந்துபோயிருந்தது. எங்கள் பட்டறையில் யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராத இரும்பு ராடு ஒன்று கிடந்தது. இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமன். அதை அஞ்சடிக்கு வெட்டி, முனையைத் தேய்த்து, தட்டு நழுவாமலிருக்க இரண்டு பூட்டும் கடைந்து, நீயும் நானும் வண்டியில் குறுக்கே வைத்துக் கொண்டுவந்தோம். வழியெல்லாம், "யாரையும் இடிச்சுத் தொலைச்சிராத மாப்ள" என்று நீ பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தாய்.

"எம்புட்டு வெயிட்டு தம்பி இது?" என்று மாஸ்டர் கேட்டார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஐ.டி.ஐ. படித்தவன் நான், கணக்குப் போட்டுக் காட்ட ஆள் வேண்டாமா? சாக்பீஸை வாங்கிச் சுவரில் எழுதினேன். உருட்டுக் கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்க வேண்டும். வந்ததை நூற்று அறுபத்திரண்டால் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று கிடைக்கும். இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கினால் அறுநூற்று இருபத்தைந்து. வகுத்தால் மூன்று புள்ளி எட்டு ஆறு. "இதை நீளத்தால பெருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அஞ்சால் பெருக்கினேன். பத்தொன்பது புள்ளி மூன்று. "பூட்டு ரெண்டையும் சேத்தா இருபது. கரெக்டா இருபது" என்று சொல்லி, பெயிண்ட் வாங்கி நானே எழுதினேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இன்ஜினியரு" என்று அன்றிலிருந்துதான் நீ என்னைக் கூப்பிட ஆரம்பித்தாய்.

அஞ்சு என்பது அடி, மாப்ள. கணக்கு கேட்பது மீட்டர்.

நம் ஊரில் தடிமனை மில்லிமீட்டரில் சொல்வோம், நீளத்தை அடியில் சொல்வோம். கடையில் போய், "இருபத்தஞ்சு எம்.எம்.ல அஞ்சடி வெட்டுங்க" என்போம். எவனுக்கும் அது ஒரு குழப்பமாகத் தெரியாது. ஜிம்மிலும் அது அஞ்சடி ராடுதான். அந்த அஞ்சைத்தான் தூக்கி அப்படியே கணக்கில் போட்டேன். அஞ்சடி என்பது ஒன்றரை மீட்டர். ராடு ஆறு கிலோகூட இல்லை. பூட்டோடு சேர்த்து ஆறரை. நான் எழுதியது இருபது.

உன் கை அதை அன்றைக்கே சொன்னது. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே எச்சில் துப்ப வேண்டும்போல் இருக்கிறது. நீ சிமெண்ட் குடோனில் லோடு ஏற்றுபவன். ஒரு மூட்டையைத் தோளில் வாங்கியதுமே, "இது ரெண்டு கிலோ குறையுதுண்ணே, ஓட்டை இருக்கும் பாருங்க" என்று சொல்வாய், எடை போட்டால் அப்படியே இருக்கும். குடோன் முதலாளியே தராசை நம்பமாட்டார், உன்னைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வார். அப்படிப்பட்ட நீ ராடை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கே மாப்ள" என்றாய். ஒரு தடவைதான் சொன்னாய். நான் சிரித்துக்கொண்டு, "மூட்டை வேற, ராடு வேறடா. எடை ரெண்டு பக்கமும் பரவி இருக்குறதால லேசாத் தெரியும். கணக்கு பொய் சொல்லாது" என்றேன். என்ன ஒரு திமிர்! நீ ராடை வைத்துவிட்டாய். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன் கையை நீ நம்பவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் அந்த இருபதைச் சேர்த்தே எண்ணினார்கள். ஒன்றரை வருடம் கழித்து, இருபது கிலோ தட்டு நான்கைப் போட்டு நீ தூக்கிய நாளில் ஜிம்மே ஆடியது. தட்டு எண்பது, ராடு இருபது, ஆக நூறு. மாஸ்டர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். உன் பெண்டாட்டி வாசலில் நின்று வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "நூறுண்ணே, நம்ம மூட்டைக் கணக்குல ரெண்டு மூட்டை" என்று நீ அவள் காதில் விழும்படி என்னிடம் கத்தினாய். என்னை அண்ணே என்று நீ கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான், அவ்வளவு வெற்றி போதையில் இருந்தாய். அது எண்பத்தாறரை. அதுவும் சின்ன விஷயம் இல்லை. உன் உடம்புக்கு, நீ சாப்பிட்ட சோற்றுக்கு, எண்பத்தாறரை எவ்வளவோ பெரிய விஷயம். அதை அப்படியே சொல்லிக் கொண்டாடியிருக்கலாம்.

மாவட்டப் போட்டிக்கு வேன் பிடித்துப் போனோம். தப்பு மேளம் அடிப்பவர்கள் இரண்டு பேரை வேறு மாஸ்டர் அழைத்து வந்திருந்தார். அங்கே ராடு ஏழடி, நிஜமாகவே இருபது கிலோ. கை சூடாக்கிக்கொள்ள அறுபது போட்டுத் தூக்கியதுமே நீ என்னைப் பார்த்தாய். "கனமா இருக்கு மாப்ள" என்றாய். "பதட்டம்டா. ராடு நீளமா இருக்குல்ல, அதான்" என்றேன். அப்போதும் எனக்குத் தெரியாது, அதை மட்டும் நம்பு. முதல் முயற்சிக்குத் தொண்ணூற்றைந்து எழுதிக் கொடுத்தோம். நூறு தூக்குகிறவனுக்குத் தொண்ணூற்றைந்து ஒரு பொருட்டா என்று பேசிக்கொண்டோம்.

நெஞ்சு வரை இறங்கிய ராடு மேலே வரவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை உன் கால் துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ராடு நாலு விரல் உயரம் எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டது. மூன்றும் போனால் பட்டியலிலேயே பெயர் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், "இதுக்குத் தப்பு வேறயா?" என்றான். நம் ஆட்களே சிரித்தார்கள். மாஸ்டர் உன் பக்கம் திரும்பாமல் வேனுக்குப் போய்விட்டார். வரும்போது வேனில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து உன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு உண்மை தெரிந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஜிம்மில் இதே மாதிரி ராடு கேட்டார்கள். இந்த முறை இரும்புக் கடையில் போய் அஞ்சடி வெட்டி வாங்கினேன். கடைக்காரர் தராசில் வைத்தார். ஐந்து கிலோ தொள்ளாயிரம். "அண்ணே, தராசு தப்பா?" என்று கேட்டேன். "இருபத்தஞ்சுல அஞ்சடி இம்புட்டுத்தான் வரும், புதுசா வாங்குறீங்களா என்ன?" என்றார். அங்கேயே நின்று மனதுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டேன். அந்த அஞ்சு எங்கே இடறியது என்று தெரிந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அன்று மாலையே நீ பட்டறைக்கு வந்தாய். நான் கூப்பிடவில்லை, நீயாகவே வந்தாய். லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைப் பார்த்தாய். பிறகு, "மாப்ள, தப்பா நெனச்சுக்காத. அந்த ராடு சரியாத்தானே இருக்கு?" என்றாய்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். இன்ஜினியரு என்ற பெயர் போயிருக்கும். ஜிம்மில் இருபது பேருடைய கணக்கும் பதிமூன்றரைக் கிலோ இறங்கியிருக்கும், அவர்கள் என்னை நாலு வார்த்தை ஏசியிருப்பார்கள். அவ்வளவுதான், மாப்ள. அம்புட்டுத்தான். அதற்குப் பயந்து நான் லேத்தை நிறுத்தாமலே சொன்னேன்: "ராடு சரியாத்தான்டா இருக்கு. நீதான் பயந்துட்ட."

நீ தலையை ஆட்டினாய். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத அருவருப்பாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளிக்கு மருந்து இருக்கிறது என்று மாஸ்டர் உன்னை உள்ளே கூட்டிப் போனார். பெயர் ஒட்டாத சின்னச் சின்னக் குப்பி. ஜிம்முக்குப் பின்னால் கழிப்பறை இருக்குமே, அந்த மூத்திர நாற்றத்தில் நின்று தொடையில் ஊசி போட்டுக்கொள்வாய். நான் பார்த்திருக்கிறேன். "எதுக்குடா இது?" என்று கேட்டேன். "பயம் போகணும்ல" என்றாய். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் அதே ராடில் நூற்றுப் பதினைந்து என்று தூக்கினாய். எல்லோரும் விசிலடித்தார்கள். நான் மட்டும் கணக்குப் போட்டேன், நூற்றொன்றரை. அன்றைக்குத்தான் நீ முதன்முதலில் நிஜமாக நூறைத் தாண்டினாய், மாப்ள. அதை உன் கை தூக்கவில்லை, அந்தக் குப்பி தூக்கியது. போட்டிக்குத் திரும்பப் போகலாம் என்று மாஸ்டர் கூப்பிட்டபோது நீ போகவே இல்லை. மேடை ஏறினால் மறுபடி பயம் வந்துவிடும் என்றாய்.

பிறகு முகம் உப்பியது, கால் வீங்கியது, கிட்னி போய்விட்டது என்றார்கள். மாஸ்டர் ஒருநாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு நான்தான் உன்னை என் வண்டியில் கூட்டிப் போனேன். திண்டுக்கல் ரோட்டில் முக்கால் மணி நேரம் நீ என் முதுகில் சாய்ந்து வருவாய். உன் வாயிலிருந்து வரும் அந்த அமோனியா வாடை என் சட்டையில் இருக்கும். போக முக்கால், வர முக்கால். எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் செல்லூர்ப் பாலம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். "என்ன மாப்ள பேசாம வார?" என்று நீதான் கேட்பாய். ஒருநாள், "அன்னைக்கு மட்டும் பயப்படாம இருந்திருந்தா இந்தக் கருமத்தை எல்லாம் தொட்டே இருக்க மாட்டேன்" என்று என் தோளில் தாடையை வைத்தபடி சொன்னாய். நான் ஹாரன் அடித்தேன். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

உன்னை எடுத்துக்கொண்டு போனபோது நான் அழுததைப் பார்த்து, "இவனை மாதிரி ஒரு கூட்டாளி யாருக்குக் கெடைக்கும்?" என்று தெருவே பேசியது. அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

ராடின் வளைவை நான் எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை அப்படியே தூக்கிக்கொண்டு, பட்டறைத் தராசையும் எடுத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். போட்டிக்குப் பெயர் கொடுத்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ராடைத் தராசில் வைத்தேன். ஆறரை. அடிக்கும் மீட்டருக்கும் நான் செய்த கூத்தைச் சொன்னேன். ஒருத்தன், "அப்ப என் நூத்திப் பத்து?" என்று கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். இன்னொருத்தன் செல்போனில் படம் எடுத்தான்.

மாஸ்டர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "இப்ப எதுக்குத் தம்பி குப்பையக் கெளறுறீங்க? நோட்டீசு அடிச்சாச்சு, ஆளுகளைக் கூப்பிட்டாச்சு. அவன்தான் போய்ட்டான், அவன் பேரையாவது நிம்மதியா விடுங்க" என்றார். அவர் சொன்னதில் எனக்கு எது அதிகம் அருவருப்பாக இருந்தது தெரியுமா? ஒரு நிமிடம் எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாலு வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அவர் வாயில் வெற்றிலை எச்சிலோடு அதைக் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது. "போட்டிய நடத்துங்க, இல்ல நடத்தாமப் போங்க. நான் இருபது எழுத மாட்டேன்" என்றேன். அவரே பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். இன்று காலை அந்த ராடில்தான் போட்டி நடந்ததாம். ஜெயித்தவனுக்கு நூற்று இருபது என்று கோப்பை கொடுத்தார்களாம்.

சனிக்கிழமை ஜிம்மிலிருந்து நான் நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் பெண்டாட்டி மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க, டீ போடுறேன்" என்று எழுந்தாள். "வேணாம்மா. முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். ராடு, அடி, மீட்டர், இரும்புக் கடைத் தராசு, நீ பட்டறைக்கு வந்து கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும். எதையும் குறைக்கவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தால் வாங்கிக்கொள்ளும் தயாரிப்போடுதான் போயிருந்தேன்.

அவள் அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். கணக்கு அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, "அடி, மீட்டருன்னா..." என்று ஏதோ கேட்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு அவரு பயப்படலையா அண்ணே?"

"இல்லம்மா. பயப்படவே இல்ல. அவன் ஒருநாளும் தூக்காத எடையை மூணு தடவை தூக்கப் பாத்தான்."

"சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டு இருந்தாரு. நான் பயந்துட்டேன் புள்ள, எல்லாருக்கு முன்னாடியும் பயந்துட்டேன்னு. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டுச் சொல்லுவாரு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்க வண்டியிலதானே வருவாரு அண்ணே?"

அந்தக் கேள்வியை இருக்கிற காலம் வரை நான் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், மாப்ள.

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வருவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே உன் படத்துக்கு முன்னால் அவள் பேசுவது கேட்டது.

"இங்க பாருங்க, நீங்க பயப்படலையாம்."

கொஞ்சம் பொறுத்து இன்னும் சத்தமாக, காது கேளாதவருக்குச் சொல்வதைப்போல, அதையே இன்னொரு தடவை சொன்னாள்.